யாரிடம் சோதித்த மருந்து?

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில், வெள்ளவத்தையிலுள்ள என் அலுவலகத்துக்கு ஒரு தாய் வந்திருந்தார். ஊர் கிளிநொச்சிப் பக்கம். மூன்று ஏக்கர் நெற்காணி உடையவர். மகனுடைய வைத்தியத்துக்காகக் காலி வீதிக்கு அண்மையில் உறவினர் வீடொன்றில் தங்கியிருக்கிறார். தமக்குப் பின் அந்தப் பிள்ளைக்கு யார் சோறிடுவார் என்னுங் கவலை அவருக்கு. காணியை மகள் பெயரில் எழுதி, மகனின் சீவியத்தை அதன்மேற் பொறுப்பாக வைக்க முடியுமா என்று கேட்கவே வந்தார். உறுதி எழுதும் பேச்சு முடிந்தது. எழுந்தவர் கைப்பையிலிருந்து ஒரு குளிசை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"தம்பி, நீங்கள் படிச்ச ஆள். இந்தக் குளிசையை முதலிலை ஆரிலை சோதிச்சுப் பாத்தவை? தண்ணி நல்லாக் குடிக்கவேணும், வெயிலிலை கனநேரம் நிக்கக்கூடாது எண்டு சொல்லினம். வெயிலிலை நிக்காமல் வயல் செய்யிறது எப்பிடி?"

குளிசையின் பெயர் லிதியம். யான் சட்டம் படித்தவன், மருத்துவம் அறியேன். "டொக்டரிட்டைக் கேளுங்கோ, அம்மா" என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அனுப்பியபின் வெட்கப்பட்டேன். புதுக்கடை நீதிமன்றங்களில் இருபது ஆண்டுகளாகப் பிறர் கேள்விகளுக்கு விடை தேடி வாழ்பவன், ஒரு கமக்காரத் தாயின் நேரிய கேள்வியை வாயிலோடு திருப்பிவிட்டேனே என்று வருந்தினேன். அதன்பின் தேடிப் படித்தேன். படித்ததன் பயனே இக்கட்டுரை.

அத்தாயின் கேள்விக்கு இரண்டு பாகங்கள் உண்டு. முதற் பாகத்துக்கு விடை இருக்கிறது. ஜோன் கேய்ட் என்பவர் ஓர் அவுஸ்திரேலிய மருத்துவர். 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது யப்பானியரிடம் சிறைப்பட்டு, போர் முடியும்வரை சாங்கி முகாமிற் கிடந்தவர். விடுதலை பெற்றபின் மெல்பேண் நகரின் புறத்தே, பண்டூரா என்னும் ஊரில் போர்வீரருக்கான மனநோய் மருத்துவமனையில் வேலை ஏற்றார். அங்கே பயன்படாது கிடந்த ஓர் உக்கிராண அறைதான் அவருடைய ஆய்வுகூடம். லிதிய உப்பை முதலிற் கினிப்பன்றிகளிலும் பின்னர்த் தம்மிலும் சோதித்துப் பார்த்து, பித்து மேலிட்ட 10 நோயாளிகளுக்குக் கொடுத்தார். 1949இல் அவுஸ்திரேலிய மருத்துவ இதழில் அதனை எழுதினார். முதலில் மருந்துண்டு தெளிந்தவரே, அம்மருந்து உடலில் மிகுந்து நஞ்சாகி, 1950இல் மாண்டார். அதன்பின் டென்மார்க்கில் மொகன்ஸ் ஷூ என்பவர் 1954இல் ஒழுங்கான ஒப்பீட்டுச் சோதனை நடத்தினார். ஐக்கிய அமெரிக்கா 1970இலேதான் இம்மருந்துக்கு அனுமதி வழங்கியது. இன்று உலகெங்கும் எண்ணற்ற குடும்பங்களை இந்த எளிய உப்பு காத்து நிற்கிறது.

இனி இரண்டாம் பாகம். லிதியம் சிறுநீரகத்தின் வழியாக உடலை விட்டு நீங்குவது. வெயிலில் வியர்த்து உப்பும் நீரும் குறையும்போது குருதியில் மருந்து தேங்கிவிடும். குணப்படுத்தும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையிலுள்ள தூரம் மிகக் குறுகியது. அப்படியாயின் சித்திரை வெயிலில் வரம்பு வெட்டும் இளைஞனுக்கு எவ்வளவு கொடுப்பது? எத்தனை நாளைக்கொருமுறை குருதியை அளப்பது? விதைப்புக் காலத்துக்கு ஓரளவும் மாரிகாலத்துக்கு வேறோரளவும் வேண்டுமா? நம் வயல்களில் வேலைசெய்யும் நோயாளிகளை ஆண்டு முழுவதும் பின்தொடர்ந்து அளந்து இதற்கு விடை காண்பது யாருடைய கடமை? மெல்பேண் மருத்துவர் வந்து செய்வாரா?

ஆய்வுகூடத்திற் கண்ட உண்மையை நோயாளியின் கட்டிலுக்கும், கட்டிலருகே கண்டதை மீண்டும் ஆய்வுகூடத்துக்கும் சட்டமன்றத்துக்கும் கொண்டுசெல்லும் ஆராய்ச்சி என்பது ஒரு தனித் துறை. அதனைச் செய்ய வல்லவர் இளம் மருத்துவரே. நோயாளியை நாடோறுங் காண்பவரும் அவரே. கேள்வி கேட்கும் துணிவு வற்றாதவரும் அவரே. மூளை, நரம்பு, மனம் ஆகியவற்றின் நோய்களுக்கென அத்தகைய இளம் மருத்துவர்களுக்கு ஓர் ஆராய்ச்சிப் புலமைப்பரிசில் இந்நாட்டில் வேண்டும். அந்த ஆராய்ச்சி நோயாளி வாழும் இடத்தில், அவர் பேசும் மொழியில் நடைபெற வேண்டும். இதுவே யான் வற்புறுத்த விரும்புவது.

"கட்டிலும் மருந்தும் தாதியரும் பற்றாத நாட்டில் ஆராய்ச்சி எதற்கு? அது பணக்கார நாடுகளின் பொழுதுபோக்கு" என்று சொல்வார் உளர். என் கட்சி நண்பர்களிலேயே சிலர் அவ்வாறு சொன்னார்கள். அவர்களுக்கு விடையாக நம் வயல்வெளியிலிருந்தே ஒரு சாட்சியம் தருகிறேன்.

1995இல் இலங்கை, தற்கொலையில் உலகின் முன்வரிசையில் நின்றது. ஓர் இலட்சம் மக்களுக்கு 47 பேர் ஓராண்டில் தம்முயிரை மாய்த்தனர். வடக்கென்றும் தெற்கென்றும் இல்லாமல் கிராமந்தோறும் கிருமிநாசினிப் போத்தலே எமனாயிற்று. பெரும்பாலோர் சாவதற்கென நெடுநாள் திட்டமிட்டவரல்லர். ஒரு சண்டை, ஓர் அவமானம், ஒரு கணத்துச் சினம். கையெட்டும் தூரத்திற் போத்தல். இக்கிருமிநாசினிகளிற் பல, நரம்புக்கு நரம்பு செய்தி போனபின் அச்செய்தியை அடக்கும் நொதியைத் தடுத்து, மூச்சை நிறுத்துபவை. ஆகவே இது நரம்பியலும் உளமருத்துவமும் கமத்தொழிலும் ஒருங்கே சந்தித்த துன்பம்.

அக்காலத்தில் மைக்கல் எடில்ஸ்டன் என்னும் இளம் ஆங்கில மருத்துவர் அனுராதபுர வைத்தியசாலைக்கு வந்தார். இலங்கை மருத்துவர்களோடு சேர்ந்து, வாட்டில் வந்து விழுந்த ஒவ்வொருவரையும் எண்ணினார். எந்த மருந்தைக் குடித்தவர், பிழைத்தாரா இறந்தாரா என்று பதிவு செய்தார். அவர் தம் காலத்தை இவ்வேலைக்கு ஒதுக்க முடிந்தது எதனால்? பிரித்தானியாவின் வெல்கம் அறக்கட்டளை அவருக்கு ஆராய்ச்சிப் புலமைப்பரிசில் வழங்கியதனாலேயே. 2005இல் வெளியான அவர்களுடைய ஆய்வு, ஒரே இனத்தைச் சேர்ந்த மூன்று பூச்சிகொல்லிகளை 802 நோயாளிகளிடம் ஒப்பிட்டது. ஒன்றைக் குடித்தவர்களில் நூற்றுக்கு 8 பேர் இறந்தனர். இன்னொன்றைக் குடித்தவர்களில் நூற்றுக்கு 23 பேர். கடைத்தட்டில் அருகருகே நிற்கும் இரண்டு போத்தல்களுக்கிடையே இத்துணை வேறுபாடு! கட்டிலருகே எண்ணாமல் யார் அறிந்திருப்பார்?

அரசாங்கம் மிகக் கொடிய பூச்சிகொல்லிகளை 1995இலும் 1998இலும் தடுத்திருந்தது. 2008 முதல் 2011 வரையில் டைமெதோயேட், பென்தியோன், பரகுவாட் ஆகியவற்றையும் படிப்படியாக நிறுத்தியது. முதல் தடைகளுக்குப் பிந்திய பத்தாண்டுகளில், அதாவது 1996 முதல் 2005 வரையில், முந்திய பத்தாண்டுகளை நோக்கத் தற்கொலைச் சாவுகள் 19,769 குறைந்தன என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. கமக்காரர் கேட்பார்: "விளைச்சல் என்ன ஆயிற்று?" அதனையும் ஆராய்ந்தார்கள். 2008இல் வெளியான ஆய்வு, இத்தடைகளினால் விளைச்சல் குறைந்ததாகக் காணவில்லை.

இதனோடு 2021ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். அவ்வாண்டு மே மாதத்தில், இரசாயன உரத்தையும் கிருமிநாசினியையும் முழுவதுமாக, ஒரே வீச்சில், அரசாங்கம் தடுத்தது. முன்கூட்டிய சோதனை இல்லை, படிமுறை இல்லை, கமக்காரரைக் கேட்டதும் இல்லை. நவம்பர் மாதத்தில் தடையை மீளப்பெற்றனர். அதற்குள் நெல்லும் தேயிலையும் பட்ட பாட்டைக் கிளிநொச்சியும் அறியும், நுவரெலியாவும் அறியும். ஆராய்ச்சியின் மேல் எழுந்த தடை உயிரைக் காத்தது, வயலையும் காத்தது. ஆராய்ச்சியின்றி எழுந்த தடை வயலையே வாட்டியது. ஆராய்ச்சி ஆடம்பரம் என்பார் இவ்விரண்டுக்கும் என்ன விடை சொல்வார்?

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கும் சான்றுண்டு. கிருமிநாசினியைப் பூட்டிய பெட்டியில் வைத்தால் உயிர் பிழைக்கும் என்று பலரும் நம்பினர். அனுராதபுரப் பகுதியில் 180 கிராமங்களில், 53,000க்கு மேற்பட்ட வீடுகளை இரு பங்காக்கி, ஒரு பங்குக்குப் பெட்டி கொடுத்துச் சோதித்தனர். 2017இல் முடிவு வெளிவந்தது: பெட்டியால் பயனில்லை. சோதிக்காதிருந்தால் நாடு முழுவதும் பெட்டி வாங்கிக் கொடுத்துக் கோடிக்கணக்கான பணத்தைப் பூட்டி வைத்திருப்போம்.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 1980களில் அலரி விதையால் உயிரை மாய்க்க முயலும் துயரம் அங்கேதான் பரவலாயிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துச் சரவணபவானந்தன், கணேசமூர்த்தி ஆகிய இருவர் 170 நோயாளிகளின் விபரங்களைத் தொகுத்து 1988இல் சர்வதேச இதழொன்றில் வெளியிட்டனர். போர் சூழ்ந்து, வீதிகள் மூடி, வெடியோசை கேட்ட காலத்தில் செய்த வேலை அது! நம்மவரால் முடியாது என்பார் இதனை எண்ணிப் பார்க்கட்டும். அந்நஞ்சுக்கு ஒரு மாற்று மருந்து பயன்படும் என்பதை 2000ஆம் ஆண்டில், இலங்கை நோயாளிகளிடம் நடந்த சோதனையே நிறுவியது. ஆனால் விலையோ எட்டாத உயரம். சில காலம் கிடைத்தது, பின்னர் நின்றது. நின்றதும் சாவு மீண்டும் ஏறியது. சோதனைக்கு உடல் கொடுத்தவர் நாம். சோதனையின் பயனை வாங்க வழியற்றவரும் நாமே. இந்த அநீதியை மறவாமல் மனத்தில் வைத்துத்தான் புலமைப்பரிசிலின் நிபந்தனைகளை எழுத வேண்டும்.

அடுத்தது மொழி. யாழ்ப்பாணத்துக் கிழவி "ஒரே யோசினையாக் கிடக்கு" என்றால், அது கவலை உள்ளத்தை அரிக்கிறது என்று பொருள்படும். நூல்மொழியில் "யோசனை" என்பது கருத்து, திட்டம். ஆங்கில வினாத்தாளை எங்கோ இருந்து மொழிபெயர்த்து, "உங்களுக்கு யோசனைகள் உண்டாகின்றனவா?" என்று கேட்டால் எந்த நோயை அளக்கிறோம்? மலையகத்துத் தொழிலாளி "நெஞ்சு பாரமா இருக்கு" என்பார். மருத்துவர் இருதயத்தைச் சோதித்து அனுப்பிவிடுவார். மனநோயின் பரிசோதனைக் கருவி முதன்மையாகச் சொல்லே. சொல் பிழைத்தால் கணக்குப் பிழைக்கும். கணக்குப் பிழைத்தால் மருந்தும் பிழைக்கும்.

2009இல் போர் முடிந்த காலத்து யாழ்ப்பாண மாவட்ட மக்களின் உளநிலையை அளந்து 2011இல் வெளியான ஆய்வு ஒன்றுண்டு. போரின் அதிர்ச்சி நோய் நூற்றுக்கு 7 பேரிடமும், மனச்சோர்வு 22 பேரிடமும், பதகளிப்பு 32 பேருக்கு மேலும் இருந்ததாக அது சொல்லிற்று. அரிய பணிதான். ஆயினும் அதனை முன்னின்று நடத்தியது ஐக்கிய அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு நிலையம். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் உளமருத்துவராயிருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரினால் நம் மக்கள் மனத்தில் விழுந்த வடுவை ஆராய்ந்து 1998இலேயே நூலாக்கினார். அவருக்குப் பின் அப்பணியைத் தொடர எத்தனை இளைஞருக்கு நாம் காலமும் பொருளும் கொடுத்தோம்?

தமிழில் மருத்துவ ஆராய்ச்சி நடவாது என்று சொல்வதும் பொருந்தாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். "இரண வைத்தியம்" முதலிய நூல்களைத் தமிழில் ஆக்கினார். சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தோர், 90 நோயாளிகளை அவர்கள் நோயின் தொடக்கத்திலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து கண்டு எழுதியுள்ளனர். இந்திய அரசாங்கம் வெல்கம் அறக்கட்டளையோடு சேர்ந்து 2008இல் ஓர் ஆராய்ச்சிக் கூட்டமைப்பை உண்டாக்கி, மருத்துவர்களுக்கெனத் தனிப் புலமைப்பரிசிலும் வைத்தது. பெங்களூரிலோ 1974இல் உருவான தேசிய மனநல நரம்பியல் நிறுவகம் இருக்கிறது. பாக்கு நீரிணையின் அக்கரையில் முடிந்தது இக்கரையில் ஏன் முடியாது?

ஏன் முடியவில்லை என்பதை ஓர் இளைஞர் எனக்கு விளக்கினார். கொட்டாஞ்சேனையிற் பிறந்து வளர்ந்தவர், மருத்துவர், உளமருத்துவத்தில் ஆர்வமுடையவர். "அண்ணை, காலமை வாட், பின்னேரம் கிளினிக், இரவு கடமை. ஆராய்ச்சிக்கு நேரம் ஞாயிற்றுக்கிழமை இரவுதான். கணக்கெடுக்க ஒரு உதவியாளருக்குச் சம்பளம் குடுக்கக் காசில்லை. இடமாற்றம் வந்தால் துவங்கின வேலையும் போச்சுது" என்றார். 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் அவருடன் படித்தவர் பலர் கடல் கடந்துவிட்டனர். அவரும் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார்.

அவரை மட்டும் குறைகூற யான் உடன்படேன். நம் வீட்டையும் நோக்குவோம். டொக்டர் மாப்பிள்ளைக்குச் சீதனம் பேசும்போது, தனியார் வைத்தியசாலையில் மாலை எத்தனை நோயாளி பார்ப்பார் என்று கேட்கிறோமே தவிர, எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறார் என்று கேட்டதுண்டா? மனநோயை மறைக்கிறோம், தங்கையின் கலியாணம் குழம்பும் என்று அண்ணனை அறைக்குள் அடைக்கிறோம், சினம் வந்தால் "அங்கொடைக்கு அனுப்பவேணும்" என்று ஏசுகிறோம். மறைத்த நோயை எவ்வாறு ஆராய்வது? சட்டமும் நெடுங்காலம் இம்மனப்போக்கின் துணையாகவே நின்றது. மனநோயாளரைப் பற்றிய கட்டளைச் சட்டம் 1873இல் பிறந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமெனக் கொண்ட தண்டனைக் கோவைப் பிரிவு 1998இலேதான் நீங்கியது. அதுவரை உயிர் பிழைத்தவன் கட்டிலிலிருந்து கூண்டுக்குப் போக வேண்டியவனானான்.

ஆகவே வெறும் ஆவேசத்தோடு நில்லாமல், வழக்கறிஞன் என்ற முறையில் நிபந்தனைகளை வரைந்து வைக்கிறேன்.

முதலாவது, காலம். மூன்றாண்டு, வாரத்திற் பாதி நாட்கள் ஆராய்ச்சிக்கே உரியவை. வாட்டில் ஆளில்லை என்று அந்நாட்களைப் பறிக்கக்கூடாது. பதிலாள் ஒருவருக்கான சம்பளமும் புலமைப்பரிசிலிலேயே அடங்க வேண்டும்.

இரண்டாவது, பதவி. முழுச் சம்பளம், பதவிமூப்பு, முடிவில் திரும்பிவர நிரந்தர இடம். பிணைமுறி எழுதி ஆளைக் கட்டிவைக்கலாம் என்று அதிகாரிகள் நம்புகின்றனர். பிணைமுறிப் பணத்தைக் கட்டிவிட்டு விமானம் ஏறியவரை நீதிமன்றத்தில் யான் நிறையக் கண்டவன். ஆளை நிறுத்துவது வேலையின் மதிப்பே.

மூன்றாவது, இடமும் மொழியும். மூன்றில் இரண்டு ஆண்டாவது யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, மலையகம், கொழும்பு வடக்கு ஆகிய இடங்களில் கழிய வேண்டும். இதில் இனவேறுபாடு வேண்டாம். நோயாளியின் தமிழை அவர் வாயிலிருந்து கேட்டு விளங்க வல்ல எந்த மருத்துவரும், சிங்களவராயினும் முஸ்லிமாயினும், உரியவரே. அனுராதபுரத்தில் எண்ணிய எண்ணிக்கை வன்னிக் கமக்காரனையும் காத்ததன்றோ?

நான்காவது, வழிகாட்டல். ஒரு மருத்துவரும் ஓர் ஆய்வுகூட விஞ்ஞானியுமாக இரு ஆசான்கள். எஞ்சிய காலத்திற் பெங்களூர், சென்னை, அல்லது அதற்கப்பால் பயிற்சி.

ஐந்தாவது, நோயாளியின் உரிமை. சம்மதப் பத்திரம் அவர் மொழியில் எழுதி, படித்துக் காட்டி, விளங்கிற்றா என்று கேட்டு ஒப்பம் பெற வேண்டும். தீர்மானிக்கும் ஆற்றல் தளர்ந்தவருக்குக் கூடுதற் காவல் வேண்டும். குருதி மாதிரி கடல் கடந்தால் எங்கே, எதற்கு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். முடிவைப் பங்குபற்றியோருக்குத் தமிழில் அறிவிக்க வேண்டும். இங்கே சோதித்துப் பயன் கண்ட மருந்து, இங்குள்ளார் வாங்கத்தக்க விலையில் கிடைக்கும் என்பது ஒப்பந்தத்தின் முதலிலேயே எழுதப்பட வேண்டும். அலரி விதை கற்பித்த பாடம் அது.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். அரசாங்கத்திடம் நம் பாராளுமன்ற உறுப்பினர் கேட்கட்டும். கேட்பது நம் உரிமை, கொடுப்பது அதன் கடமை. ஆனால் கொடுக்கும்வரை கைகட்டி இருப்பது நமக்கு அழகன்று. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் ஒரு பொது நிதியத்தை வெள்ளவத்தையிலேயே நிறுவலாம். வழக்கறிஞரும் கணக்காளரும் பொறியியலாளரும் வணிகரும் மாதமொரு தொகை தரட்டும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள பழைய மாணவர் சங்கங்கள், கல்லூரி மதிலுக்கும் மண்டபத்துக்கும் அனுப்பும் பணத்தில் ஒரு பங்கை இதற்குத் திருப்பட்டும். முதலில் இருவர் போதும். கேய்ட் ஒருவராய், உக்கிராண அறையொன்றிலேதான் தொடங்கினார்.

அந்தத் தாய் உறுதியில் ஒப்பம் வைக்க அடுத்த வாரம் வருவார். முதற் பாகத்துக்குரிய விடையைச் சொல்வேன்: "அம்மா, அவுஸ்திரேலியாவிலை பத்துப் பேரிலை, 1949க்கு முந்தி." இரண்டாம் பாகத்துக்கு அன்றும் என்னிடம் விடை இராது. அந்த விடையைத் தேடிப் புறப்படத்தக்க இளைஞர் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். அவர் கையில் இருப்பது வெளிநாட்டு விண்ணப்பம். அதற்கு மாற்றாக ஒரு கடிதத்தை அவர் கையிற் கொடுக்க வேண்டியவர்கள் நாம்.